மரணசாசனத்தை யார் எழுதுவது?



கோவில் மலரில் மரணசாசனம் பற்றி எழுதுவது அபசகுனம் என்று எம்மவரிற் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் அந்தியேட்டி முடிந்து, தூரத்திலிருந்து வந்த உறவினர் விமானம் ஏறுமுன்னரே வீட்டுக்குள் பங்குப் பேச்சுத் தொடங்குவதையும், கொள்ளி வைத்த மகனும் கூடவிருந்து பார்த்த மகளும் முகம் பாராமற் பிரிவதையும் நாம் கண்டிருக்கிறோம். அபசகுனம் என்றால் எனக்கு அதுதான் அபசகுனமாகத் தெரிகிறது. ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

நான் ஒரு கணக்காளன். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முதல் ஏப்ரல் முடிவு வரை வரிப் படிவங்களோடுதான் என் வாழ்வு. வேலை முடிந்து எழும்பும்போது, கதவுப் பிடியில் கை வைத்தபடி பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, உயில் எழுத லோயருக்கு ஏன் காசு குடுக்கவேணும்? நானே ஒரு தாளில எழுதி வைச்சால் செல்லாதோ?"

செல்லும். நாம் வாழும் ஒன்ராறியோவில், ஒருவர் முழுவதையும் தன் சொந்தக் கையெழுத்தில் எழுதி இறுதியில் ஒப்பமிட்டால் அது மரணசாசனமே. சாட்சி கூடத் தேவையில்லை. தமிழில் எழுதினாலும் தடையில்லை, நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக் கைப்பட எழுதிய சாசனம் பற்றிக் கனடாவில் பெயர்போன கதை ஒன்று உண்டு. 1948 ஜூன் மாதம் சஸ்கச்சுவானில் செசில் ஜோர்ஜ் ஹரிஸ் என்ற விவசாயி தன் உழவு இயந்திரத்தின் கீழ் அகப்பட்டுக்கொண்டார். கையிலிருந்த பேனாக்கத்தியால் அதன் மட்கார்ட்டில், தான் இறந்தால் எல்லாம் மனைவிக்கு என்று கீறித் தன் பெயரையும் பொறித்தார். அவர் பிழைக்கவில்லை. நீதிமன்றம் அந்தத் தகரத்தை மரணசாசனமாக ஏற்றுக்கொண்டது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். தகரத்தில் கீறினாலே செல்லுமாம், பிறகென்ன என்பார். ஆனால் ஹரிசுக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு வசனம். எல்லாம் ஒருவருக்கே. எங்கள் குடும்பங்களின் கதை ஒரு வசனத்தில் அடங்குவதா?

அச்சிட்ட படிவத்தை வாங்கி இடைவெளிகளை மாத்திரம் பேனாவால் நிரப்புவது வேறு விடயம். அது முழுவதும் கையெழுத்தாகாது. ஆகவே இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து ஒப்பமிட வேண்டும். வீட்டில் நிற்கிறாரே என்று மருமகளைச் சாட்சியாக்கினால், மகனுக்கு எழுதிய பங்கே ஆட்டங்காணும். முறை தவறிய சாசனத்தையும் ஏற்கும் அதிகாரம் 2022 ஜனவரி முதல் நீதிமன்றத்துக்கு உண்டென்பது உண்மை. ஆனால் அதற்கு வழக்காட வேண்டும். அந்தச் செலவு பிள்ளைகளின் பங்கிலிருந்துதான் போகும்.

ஆக, செல்லுமா என்பது சின்னக் கேள்வி. பெரிய கேள்வி, இதில் பிழை நேர்ந்தால் சுமப்பவர் யார் என்பது.

வரிப் படிவத்தில் பிழை விட்டால் திருத்தம் அனுப்பலாம். கணக்குப் புத்தகத்தில் பிழை விட்டால் எதிர்ப்பதிவு போடலாம். எழுதியவர் இறந்த பின்னரே வாசிக்கப்படும் ஒரே பத்திரம் மரணசாசனம். "அப்பா இதை ஏன் இப்படி எழுதினார்?" என்று கேட்க அப்பா இல்லை. மிச்சம் பிடித்த சில நூறு டொலர் எழுதியவருக்கு, அதன் விளைவு முழுவதும் மற்றவர்களுக்கு. தன் காசில் ஒருவர் துணிந்து விளையாடலாம். மற்றவர் காசில் விளையாடுவதை எந்த நீதியும் ஒப்புக்கொள்ளாது. பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படப்பிடிப்புக்கு ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுப்பவர் சட்டத்தரணியின் கட்டணத்தைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மனைவியை இழந்த ஒரு தகப்பன் "வீடு மகனுக்கு, ஓய்வூதியச் சேமிப்பு மகளுக்கு" என்று எண்ணுகிறார். சேமிப்பில், அதாவது ஆர்.ஆர்.எஸ்.பி.யில், 300,000 டொலர் இருக்கிறது. மகளின் பெயரை வங்கிப் படிவத்தில் வாரிசாகப் போட்டுவிடுகிறார். அவர் இறந்ததும் வங்கி முழுத்தொகையையும் மகளிடம் கொடுத்துவிடும். ஆனால் அந்த 300,000 டொலரும் அவருடைய கடைசி ஆண்டு வருமானமாகக் கொள்ளப்படும். அதன் வரி ஒரு லட்சம் டொலரைத் தாண்டும். அந்த வரியை முதலிற் கட்டவேண்டியது அவர் விட்டுச்சென்ற மற்றச் சொத்து. மற்றச் சொத்து என்றால் மகனுக்கு எழுதிய வீடு. தகப்பன் நீதியாகப் பிரித்ததாகவே நம்பிக் கண் மூடியிருப்பார். மகனோ, அக்காவுக்காகத் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று காலமெல்லாம் நினைப்பான். கையெழுத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. பிழை தாளுக்கு வெளியே, அவர் அறியாத இடத்தில் இருந்தது.

சாசனமே இல்லாவிட்டால் சட்டம் தன் போக்கில் பிரிக்கும். 2021 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து நேரும் இறப்புகளுக்கு முதல் 350,000 டொலர் வாழ்க்கைத்துணைக்கு. மீதியில், பிள்ளைகள் இருவர் அல்லது கூடுதலாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு துணைக்கு, மற்ற இரு பங்கும் பிள்ளைகளுக்கு. சிறு பிள்ளையின் பங்கை நீதிமன்றம் காத்து, 18 வயதானதும் முழுவதையும் ஒரேயடியாகக் கையிற் கொடுத்துவிடும். 18 வயதில் அவ்வளவு பணத்தை வைத்து நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

இவ்வளவும் சொன்னபின் சட்டத்தரணியிடம் போங்கள் என்று முடித்திருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை. ஏனென்றால் போனவர்கள் பலரின் சாசனத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நன்றாக அச்சிட்டிருக்கும், ஒரு பிழை பிடிக்க முடியாது. உள்ளே இருப்பது "பிள்ளைகளுக்குச் சமமாக" என்ற ஒரு வரி. அந்த வரியைப் பலர் எழுதுவது சமத்துவத்தின் மேலுள்ள பற்றினால் என்று நான் நம்பவில்லை. யோசிக்கும் வேதனை வேண்டாம் என்று கையெழுத்து வைக்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பத்தொன்பது வயதில் வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, தம்பிமாரைக் கூப்பிட ஏஜென்சிக்குக் காசு கட்டினாள். கடைசித் தம்பி இங்கே படித்து எஞ்சினியரானான். சட்டத்தின் கணக்கில் இருவரும் சமம். அவள் கட்டிய காசுக்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை. இன்னொரு வீட்டில், மகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, இனி அவளுக்குப் பங்கென்ன என்று ஆண்பிள்ளைகள் கேட்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் அந்தக் கேள்விக்கு இடமிருந்தது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் உரிமை கோரமுடியாது என்பதே வழமை. ஒன்ராறியோ அப்படிப் பார்க்காது. எது நியாயம் என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்லமாட்டார். நாம் சொன்னால் அதை உடையாதபடி எழுதித் தருவார். எழுத்தைக் கூலிக்குக் கொடுக்கலாம், தீர்மானத்தைக் கொடுக்க முடியாது.

இறந்த பின்னும் ஆணையிட மனிதனுக்கு என்ன உரிமை, அதுவும் ஒரு பற்றுத்தானே என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. நல்ல கேள்வி. சமாதிக்குள் இருந்து பிள்ளைகளை ஆட்டிவைக்க எழுதும் சாசனம் பற்றுத்தான். மகன் இன்னாரைக் கட்டினால் பங்கில்லை என்று எழுத விரும்புவோரை எனக்குத் தெரியும். ஆனால் பட்ட கடனைத் தீர்ப்பதும், உழைத்தவளின் உழைப்பை ஒப்புக்கொள்வதும் பற்றென்றால், கணக்கை முடிக்காமற் போவதைத் துறவென்று சொல்ல வேண்டிவரும். அதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னுமொன்று. பிள்ளைகள் கூப்பிட்டு வந்த தாய்மார், ஆங்கிலம் தெரியாதவர்கள், மகனின் காரிலேயே எங்கும் போய்வருபவர்கள். அந்த அம்மா சட்டத்தரணியிடம் போகும்போது மகனே சாரதி, மகனே மொழிபெயர்ப்பாளர். பிறகு அது யாருடைய விருப்பம்? நல்ல சட்டத்தரணி மகனை வெளியே இருத்திவிட்டு அம்மாவைத் தனியே கேட்பார். அது மகனை அவமதிப்பதல்ல, பின்னாளில் மகனுக்கே காவல். கட்டணம் கொடுத்து நாம் வாங்குவதில் பெரும்பகுதி இதுதான் என்பேன். அந்நியரான ஒருவர் தனியே கேட்டார், அவர் தெளிவாகச் சொன்னார் என்ற சாட்சியம். வீட்டு மேசையில் எழுதிய தாளுக்கு அது கிடைக்காது. தமிழ் தெரிந்த சட்டத்தரணிகள் ரொறன்ரோவில் தாராளமாக இருக்கிறார்கள். அம்மாவை அவர்களிடம் மகளோ மகனோ அல்லாத ஒருவர் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

சாசனமும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம் என்று வங்கிக் கணக்கில் மூத்தவனின் பெயரையும் சேர்த்துவிடுவோர் 2007இல் கனடிய உச்ச நீதிமன்றம் பெக்கோர் வழக்கில் சொன்னதை அறியவேண்டும். பெற்றோர் தம் பணத்துக்கு வளர்ந்த பிள்ளையைக் கூட்டுச் சேர்த்தால், அது அன்பளிப்பு என்று அந்தப் பிள்ளை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பணம் எல்லாருக்கும் உரிய சொத்தில் சேரும்.

ஊர்க் காணி உள்ளவர்கள் பற்றியும் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நான் பள்ளி மாணவன். அரிசிக்கு முன்னால் அம்மா சைக்கிளில் கட்டியது, உறுதிகள் இருந்த பிஸ்கற் ரின்னை. இப்படிக் காத்த உறுதிகள் இன்று பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கின்றன. காணிக்குக் காணியுள்ள நாட்டுச் சட்டமே பேசும். இலங்கையில் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, சாசனத்தை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிட வேண்டும். சாட்சியில்லாத ஒன்ராறியோத் தாளை நம்பி யாழ்ப்பாணத்துக் காணியை விடவேண்டாம். அங்குள்ள சட்டத்தரணி ஒருவரையும் கேளுங்கள். கோவிலுக்கு எழுத விரும்புவோரும் "பிள்ளையார் கோவிலுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். இந்த நகரத்தில் எத்தனை பிள்ளையார்! பதிவு செய்த பெயரையும் தரும ஸ்தாபன இலக்கத்தையும் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் ஞாயிற்றுக்கிழமை தனியே இருந்து, தமிழில், உங்கள் கையால் முதலில் எழுதுங்கள். யாருக்கு எது, ஏன். யார் எனக்குச் செய்தார், யாருக்கு நான் செய்யத் தவறினேன். பின்னர் அந்தத் தாளோடு சட்டத்தரணியிடம் போங்கள். அவர் எழுதுவதற்கு இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடுங்கள். உங்கள் தாளில் மாத்திரம் ஒப்பமிடாதீர்கள். கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்ட தாள் தானே ஒரு சாசனமாகிவிடும் என்பதை முன்னரே சொன்னேன், பிந்திய திகதியில் இருந்தால் முன்னையதோடு மோதும். "குறிப்பு மாத்திரம்" என்று தலையில் எழுதி, பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று மூலச் சாசனம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அந்த இடத்தை நிறைவேற்றுபவரிடம் சொல்லியும் வையுங்கள்.

தாலிக்கொடி எந்த மகளுக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கு யார் வீட்டில் எரிய வேண்டும் என்று சட்டத்தரணி கேட்கமாட்டார். அந்தத் தாளில் அதையும் எழுதுங்கள்.