ஆயனின் எண்ணிக்கை

விவிலியத்தில் இருவகை எண்ணிக்கைகளைக் காண்கிறோம். தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுக்கச் செய்தார். வாளேந்தத் தக்கவர் எத்தனை பேர் என்று அறிவதே அக்கணக்கின் நோக்கம். கணக்கு முடிந்தபின் அவருடைய உள்ளமே அவரை வருத்தியது எனச் சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகின்றது. மற்றொன்று நற்செய்தியில் வரும் ஆயனின் எண்ணிக்கை. நூறு ஆடுகளுள் ஒன்று குறைந்ததை அவர் எண்ணியதால் அறிந்தார். அறிந்ததால் தேடிச் சென்றார். இருவரும் எண்ணினர். ஒருவர் தம் வலிமையை அறிய எண்ணினார். மற்றவர் காணாமற்போனதை அறிய எண்ணினார்.

நம் காலத்தில் எண்ணுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அறிஞர் உளர். எந்த நோய், யாரிடத்தில், எங்கே, எப்பொழுது தோன்றுகிறது; ஏன் தோன்றுகிறது என ஆராய்வோரை நோய்ப்பரவலியல் வல்லுநர் என்கிறோம். சென்னையில் 1999ஆம் ஆண்டு தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. பொதுச் சுகாதாரத்துறையினரின் சங்கங்களோ அதற்கும் மூத்தவை. இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1956இல் தோன்றியது. இத்தகைய சங்கங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் எதிர்காலத்திற்கான செயல்திட்டம் வகுப்பது இன்று உலகெங்கும் வழக்கம். அறிஞர் சங்கத்தின் திட்டம் பற்றிப் பங்கு மக்களாகிய நமக்கு என்ன என்று வாசகர் வினவலாம். எண்ணப்படுவோர் நாமே, ஆகவே எண்ணுவோரின் நோக்கம் நமக்குரிய பொருளே ஆகும்.

ஒரு தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை எனத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டின் சுற்றுமடலில் நிலைநாட்டினார். உறுப்பினரைப் பெருக்குதல், மாநாடு கூட்டுதல், ஆய்விதழ் வெளியிடுதல், இளையோருக்குப் பயிற்சி தருதல், நிதி திரட்டுதல் ஆகியவை திட்டத்தில் இடம்பெறுவது குற்றமன்று. விளக்கிற்கு எண்ணெய் வேண்டும். எனினும் எண்ணெய் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டுவிட்டால், விளக்கு யாருக்காக எரிய வேண்டும் என்பது மறந்துபோகும். சங்கம் தன் உறுப்பினருக்காக வாழ்கிறதா, உறுப்பினர் யாருக்குப் பணிபுரிகின்றனரோ அவர்களுக்காக வாழ்கிறதா? இதுவே அறவினா.

இவ்வினாவைத் திருப்பூர் மண்ணில் வைத்துப் பார்ப்போம். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நூற்பாலைகளும் நெருங்கிய பகுதி இது. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு வரும் நுரையீரல் நோய் ஒன்றுண்டு. மருத்துவர் அதனைப் பிசினோசிஸ் என்பர். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். நாள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் மற்ற நாள்களுக்கும் பரவும். தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் நலம் பெறலாம்; காலம் கடந்தால் மீள்வது அரிது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்த அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் இந்நோய் இடம்பெற்றிருந்தது. இதனைக் காணும் மருத்துவர் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் எனவும் அச்சட்டம் பணித்திருந்தது. ஆனால் வேலை என்னவென்று கேளாத மருத்துவர் எதனைத் தெரிவிப்பார்? நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி தம் நூலில் வலியுறுத்தினார். அவ்வினா இன்றும் பல இடங்களில் கேட்கப்படுவதில்லை.

பிறரைக் குறைகூறுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவோம். பல ஆண்டுகளுக்குமுன் நம் பங்கில் அம்மையார் ஒருவர் இருந்தார்; நூற்பாலையின் கார்டிங் பகுதியில் நெடுங்காலம் உழைத்தவர். ஞாயிறு திருப்பலியில் குரலெடுத்துப் பாடுவார். திங்கள் மாலை செபமாலைக்கு வரும்போது மூச்சு வாங்கும். "மிளகுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள் அம்மா" என்போம். "சரிங்க சாமி" என்று சிரித்துவிட்டுப் போவார். அவர் இறந்தபோது அடக்கப் பதிவேட்டில் காரணம் என்னும் இடத்தில் "மூச்சுத்திணறல்" என எழுதிக் கையொப்பமிட்டோம். பின்னாளில் இந்நோயைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அவருக்கு வந்தது அந்நோய்தான் எனத் தீர்ப்பிட நமக்குத் தகுதியில்லை. ஆனால் வாரந்தோறும் அவரைக் கண்ட நாம் ஒருநாளும் கேட்கவில்லை என்பது உறுதி. ஆடு குறைந்ததை எண்ணாத ஆயராக நாமும் இருந்தோம்.

ஈண்டு ஒரு தடை எழுகின்றது. நோயின் கணக்கு வெளிவந்தால் ஆலைக்குப் பூட்டு விழும், ஏழையின் பிழைப்புப் போகும் என்பர். இது வெறும் சாக்கு அன்று. நொய்யலாறு சாயக்கழிவால் பாழானது குறித்து ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆற்றுக்கு நீதி கிடைத்த அந்நாள்களில் கூலித் தொழிலாளர் பலர் வேலையிழந்ததும் உண்மை. அதனால் உண்மையை மறைத்திருக்கலாம் என்று முடிவு கட்டலாமா? ஆகாது. நீண்டகாலம் புறக்கணித்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதால்தான் அதன் சுமை ஏழையின் தலையில் இறங்கியது. உரிய காலத்தில் எண்ணி, உரிய காலத்தில் சொல்லி, படிப்படியாகத் திருத்தியிருந்தால் ஆற்றையும் பிழைப்பையும் ஒருங்கே காத்திருக்கக் கூடும். உண்மை பசிக்குப் பகையன்று. காலம் தாழ்த்திய உண்மையே பகையாகின்றது.

மற்றொரு தடையும் உண்டு. எண்ணிக்கை இழிவைக் கொணரலாம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து நம்மிடையே உழைப்போரை எண்ணி, "நோயைக் கொணர்ந்தவர் இவரே" என்று சுட்டுவது எளிது. அது தாவீதின் கணக்கினும் கொடியது. ஓர் அறைக்குள் பலர் நெருங்கி உறங்கும் விடுதியில் காசநோய் பரவினால், அங்கே கணக்கிடப்பட வேண்டியது அவர்களுடைய ஊர்ப்பெயரன்று. அறையின் பரப்பும் சன்னல்களின் எண்ணிக்கையுமே.

ஆகவே எண்ணுவோரின் சங்கம் தன் திட்டத்தில் எவற்றை முதலில் எழுத வேண்டும்? நம் சிற்றறிவுக்கு மூன்று தோன்றுகின்றன.

முதலாவது, இதுவரை யாரை எண்ணவில்லை என்னும் பட்டியல். இரண்டாவது, கண்டறிந்த உண்மையை எண்ணப்பட்டவருக்கே அவர் மொழியில் திருப்பித் தரும் கடமை. வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1980களில் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். மருத்துவர்கள் தாம் கண்ட நோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினர். தொகுத்த செய்தி இதழாக அவர்களுக்கே திரும்பிச் சென்றது. கேட்டவர் பதிலும் தந்ததால் எழுதியவர் தொடர்ந்து எழுதினர். அதே மரியாதை தொழிலாளிக்கும் உரியது. மூன்றாவது, ஆய்வுக்குப் பணம் தருவோர் ஆய்வின் முடிவை அடக்கிவிட இயலாதபடி அமைந்த உறுதியான விதி. தனித்து நிற்கும் அறிஞர் அச்சுறுத்தலுக்குப் பணியலாம். அவருக்குத் துணை நிற்பதற்கே சங்கம் இருக்கின்றது.

பொதுநிலையினருக்கும் இதில் பங்குண்டு. 1854இல் இலண்டன் சோகோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருக் குழாய் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. அதனை நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் ஆங்கிலிக்கன் குரு, மறுப்பதற்கென்றே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அவ்விசாரணையே அவரை மாற்றியது. நோயுற்ற ஒரு குழந்தையின் அழுக்குத் துணி அலசிய நீர் அக்கிணற்றருகே ஊற்றப்பட்டதை அவரே கண்டறிந்தார். மருத்துவருக்குத் திறவாத கதவுகள் மக்களோடு பழகிய அவருக்குத் திறந்தன. சிற்றமைப்புகள் செய்யக்கூடியதைப் பேரமைப்புகள் பறித்துக்கொள்ளலாகாது எனத் திருச்சபை கற்பிக்கும் துணைநிலைக் கொள்கையின் பொருள் இங்கே விளங்கும். அன்பியக் கூட்டங்களும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அறிந்திருக்கும் வீடுகள் எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் இல்லை.

தலைமுடி ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கும் தந்தையை நம்புகிறவர் நாம். அவருடைய எண்ணிக்கையில் ஒருவரும் வெறும் எண் அல்லர். அடுத்த முறை இருமலோடு ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றால், கஷாயம் சொல்லுமுன் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்போம். அடக்கப் பதிவேட்டைத் திறக்கும்போது நாமும் அதனைக் கேட்டே எழுதுவோம்.