நோயாளியின் படமும் அமானிதமே

வட்டக்கோட்டை போன்ற குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து, 1981-ல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் சிகிச்சைக்காகச் செல்வோர் உண்டு. நோய் திரும்பினால் வேறோர் ஊரில் கதிர்ச் சிகிச்சை பெற நேரலாம். அப்போது பழைய ஸ்கேன் படங்களும் கதிரளவுக் குறிப்பும் புதிய மருத்துவருக்குக் கிடைத்தாக வேண்டும். தண்டுவடத்துக்கு வழக்கமான வரம்பு 45 முதல் 50 கிரே அளவுதான். முன்பு பட்டது எவ்வளவு என்றறியாமல் மீண்டும் செலுத்தினால் கால்களே செயலிழக்கக்கூடும்.

இரகசியம் என்று சொல்லி அவற்றைத் தர மறுப்பது பேணுதலாகுமா? ஆகாது. அமானிதம் என்பது பூட்டி வைப்பதன்று. உரியவருக்கு உரிய வேளையில் ஒப்படைப்பது. இங்கே உரியவர் நோயாளி.

ஆனால், ஆராய்ச்சிக்காகப் பிற நிலையங்களுக்கு அனுப்புவதாயின் அவர் சம்மதம் வேண்டும். பெயரும் அடையாளமும் நீக்கப்பட வேண்டும். பிறர் அந்தரங்கத்தைக் காப்பதும் மார்க்கம் நமக்குக் கற்பித்ததல்லவா?

நோயாளியின் வீட்டாரே! சிகிச்சை முடிந்ததும் படங்களையும் கதிரளவுக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.