ரத்தமில்லாத வெற்றி

போரிடாமலே எதிரியைப் பணியவைப்பதுதான் உத்தமம் என்ற ஸன் ட்ஸுவின் கருத்தை அஹிம்சைக்குத் தூரத்து உறவாகப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் 'போர்க்கலை'யின் கடைசி அத்தியாயம்வரை போனதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பதின்மூன்றாவதான அது முழுக்க ஒற்றர்களைப் பற்றியது. ஐந்து வகை ஒற்றரில் ஒருவனுக்குச் சாவு ஒற்றன் என்றே பெயர். பொய்ச் செய்தியை எதிரியிடம் கொண்டுசேர்ப்பது அவன் வேலை. பொய் அம்பலமாகும்போது அவன் சாவான். ரத்தம் சிந்தாமல் இல்லை. யார் ரத்தம் என்பது மட்டும் மாறுகிறது.

இன்று கலப்புப் போர் என்று சொல்லப்படுவது இந்த அத்தியாயத்தின் வாரிசு. 2014 பிப்ரவரி 27 அன்று, அடையாளச் சின்னம் ஏதுமில்லாத முகமூடிச் சிப்பாய்கள் சிம்ஃபெரோபோலில் கிரைமியாவின் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்றார் புதின், மார்ச் 4-ல். மார்ச் 18-ல் இணைப்பு முடிந்தது. ஏப்ரல் 17-ல், அங்கே ரஷ்யச் சிப்பாய்கள் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். செத்தவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால் இது மேலானதில்லையா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. பதுங்கித் தாக்குபவனும் ஏமாற்றத்தான் செய்கிறான். ஆனால் அவன் ஏமாற்றுவது எதிரியின் கண்ணை. படையை அனுப்பிவிட்டு அனுப்பவில்லை என்பவன் கெடுப்பது வார்த்தையை. சமாதானத்துக்கு வார்த்தையைத் தவிர வேறு மூலப்பொருள் கிடையாது. விரோதிகள் பின்னால் ஒருவரையொருவர் நம்புவதை அசாத்தியமாக்கும் செயல்கள் போரிலும் கூடாது என்று கான்ட் 1795-ல் எழுதியது இதனால்தான். மின்ஸ்க்கில் 2014-லும் 2015-லும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ரஷ்யப் பிரதிநிதி கையெழுத்திட்டார். ஆனால் இந்தப் போரில் தான் ஒரு தரப்பே இல்லை என்றது ரஷ்யா. பகலெல்லாம் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, யாரையும் கட்டுப்படுத்தாத கையெழுத்து என்றால் என்னவென்று தெரியும். 2022 பிப்ரவரி 24-ல் முழுப் போர் தொடங்கியது. ரத்தமில்லாத வெற்றி என்று சொல்பவர்கள் கணக்கை 2014 மார்ச்சோடு மூடிவிடுகிறார்கள்.

போரிடாமல் வெல்வதற்கு அதே சீனத்தில் வேறொரு வழியும் இருந்தது. ஸுங் நாட்டைத் தாக்க ச்சு மன்னன் தயாரானபோது, மோ ட்ஸு பத்து நாள் இரவு பகலாக நடந்து போய், தன் இடைக்கச்சையைக் கோட்டையாக வைத்து, முற்றுகைக் கருவி செய்த குங்ஷு பானின் ஒன்பது தாக்குதல்களையும் விளையாட்டிலேயே முறியடித்துக் காட்டினாராம். தம்மைக் கொன்றும் பயனில்லை, முன்னூறு சீடர்கள் ஸுங்கின் மதில்மேல் நிற்கிறார்கள் என்றும் சொன்னாராம். மன்னன் படையெடுப்பைக் கைவிட்டான். மோ ட்ஸுவிடமும் ஆயுதம் இருந்தது. ஆனால் தன்னிடம் இருப்பதை மறைக்காமல் சொன்னதால்தான் போர் நின்றது; மறுநாள் அவர் மறுக்கவேண்டியது எதுவும் இல்லை.

இரண்டுமே போரிடாத வெற்றிகள்தான். ஒன்றன் பிறகு இரு தரப்பும் பேச முடியும். மற்றதன் பிறகு முடியாது. செத்தவர்களை எண்ணுவதற்கு முன் இதைக் கேட்கவேண்டும் என்கிறேன்.