பாதிக்கப்பட்டவர் விமர்சகராகலாமா?

ஊரறிந்த படமொன்றைப் பற்றி யாருடைய கருத்தை நம்புவது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஆயிரம் பேர் பேசும்போது ஒருவருடைய கோணலை இன்னொருவர் நிமிர்த்திவிடுவார். சிலரே பார்த்த படத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருவர் சொல்லும் கருத்து நெடுநாள் தனியே நிற்கும். பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003) தமிழ் வாசகர் பலர் கேள்விப்பட்டே இராத சிங்களப் படம். அதில் மூன்று கதைகள். காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடி அலையும் பெண். அநுராதபுரத்து விபசார விடுதியில் தன் சகோதரியையே காண நேரும் படைவீரன். விடுதலைப் புலிகள் ஒரு முஸ்லிம் கிராமத்தையே வெளியேற்றும்போது தன் நாயைப் பிரிய மறுக்கும் அரபாத் என்ற சிறுவன். மூன்றாவது கதையின் நிஜ மனிதர்களைத் தேடிப்போனால் புத்தளம் கரைக்குத்தான் வந்து சேர வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் தங்கினார்கள். மன்னார்த் தீவார் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்திறங்கி, ஆண்டுக்கணக்கில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நல்லது என்றோ பொய் என்றோ சொன்னால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை? தன் கதை என்பதால் எடை கூடுமா, குறையுமா?

குறையும் என்பதே தத்துவத்தின் பழைய பதில். அழகைப் பற்றிய தீர்ப்பு சொந்த நலன் கலவாததாக இருக்க வேண்டும் என்று இமானுவேல் கான்ட் 1790இல் எழுதினார். அவருக்கு ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகள் முன்பே காஷ்மீரத்து அபிநவகுப்தர், இரசானுபவத்தைத் தடுக்கும் இடையூறுகளுள் ஒன்றாக, பார்ப்பவர் தன் சொந்த இன்பதுன்பத்தில் மூழ்கிக் கிடப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வீட்டையும் தோணியையும் பறிகொடுத்தவர் திரையில் ஒரு பூட்டிய வீட்டைக் கண்டதும் படத்தை விட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடலாம். அதன்பின் அவர் சொல்வது படத்தைப் பற்றியதாக இராது. இந்த ஆபத்து உண்மை. ஆனால் நலன் இல்லாதவருக்குத்தான் கண் தெளிவாகத் தெரியும் என்ற அடுத்த அடியை நான் ஏற்கவில்லை. சொந்தத் துன்பம் சில இடங்களில் கண்ணை மறைப்பது உண்மைதான். ஆனால் வேறு சில இடங்களில் அது இல்லாமல் எதுவுமே தெரியாது.

அரபாத்தின் நாயையே எடுத்துக்கொள்வோம். கொழும்பிலோ ஐரோப்பியத் திரைப்பட விழாவிலோ பார்ப்பவருக்கு ஒரு சிறுவனும் அவன் நாயும் எளிதில் மனதைத் தொடும் இணை. உலகத்துச் சிறுவர் கதைகளில் பாதி அதுதான். இஸ்லாமியச் சட்டமரபான ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்த ஒருவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. நாயின் எச்சில் நஜீஸ், அதாவது அசுத்தம். பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் நாய் வைத்திருக்கலாம்; செல்லமாக வைத்திருப்பதை அந்த மரபு விரும்புவதில்லை. ஆகவே அவர் முதலில் கேட்கக்கூடியது, இயக்குநர் நம்மை அறியாமல் எடுத்துவிட்டாரா என்பதே. கேள்வியை அங்கேயே நிறுத்தினால் அது வெறும் குற்றச்சாட்டு. இன்னும் ஓரடி வைத்தால் படம் வேறுவிதமாகத் திறக்கிறது. வெளியேற்றப்பட்டவர்கள் என்னென்ன எடுத்துச் செல்லலாம் என்று ஆயுததாரிகள் வரையறுத்தார்கள். பின்னாளில் இழப்புக் கணக்கு எழுதியவர்களும் காணி, நகை, கடை, மாடு என்று எழுதினார்கள். பெரியவர்களே அரைமனதாகப் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய ஒரு நாய் எந்தக் கணக்கிலும் வராது. எவரும் இழப்பென்று மதிக்காத ஒன்றுக்காக அந்தப் பிள்ளை போராடுகிறான். இந்த வாசிப்புக்கு வழி அந்த உள்ளூர்ச் சங்கடத்தின் ஊடாகத்தான் போகிறது. நலனற்ற பார்வையாளர் அந்த வழியாக வரவே முடியாது. (இயக்குநர் இதை எண்ணித்தான் எடுத்தாரா என்பது வேறு வழக்கு, எனக்கு அதில் அக்கறை இல்லை.)

இதே கரையில் உடப்பு என்ற ஊருக்கு ஆடியில் போனால் கான்டின் கோட்பாடு இன்னும் தடுமாறும். திரௌபதை அம்மனுக்கு விரதமிருந்து தீ மிதிப்பவர் பாரதக் கதையைக் கேட்கும் விதமும், அதை நூலில் வாசிப்பவர் அறியும் விதமும் ஒன்றல்ல. தீ மிதிப்பவருக்குக் கதை புரியவில்லை என்று எந்த அழகியலாளர் சொல்லத் துணிவார்?

கான்டுக்கு எதிரான வலுவான சான்று எனக்குக் கிடைப்பது அழகியல் நூல்களில் அல்ல, சாட்சியம் பற்றிய மார்க்க விதியில். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்லும்படி பணிக்கிறது. சாட்சிக்குச் சொந்தபந்தம் உண்டு, பக்கம் உண்டு என்பதை அந்தக் கட்டளை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. பக்கமில்லாதவரைத் தேடிப்போவதை விட்டு, பக்கமுள்ளவரிடமே நேர்மையைக் கேட்கிறது. இஸ்லாமியச் சட்டமான பிக்ஹு படித்தவர் உடனே மறுப்பார்: பகைவனுக்கு எதிராகப் பகைவன் சொல்லும் சாட்சியத்தையும், பிள்ளைக்குச் சாதகமாகத் தந்தை சொல்லும் சாட்சியத்தையும் சட்ட அறிஞர்கள் தள்ளுபடி செய்திருக்கிறார்களே! நியாயமான மறுப்புத்தான். இதற்கான விடையும் அதே மரபுக்குள் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு எகிப்திய மாலிகி அறிஞர் அல்-கராஃபி சாட்சியத்தையும் அறிவிப்பையும், அதாவது ஷஹாதாவையும் ரிவாயத்தையும், பிரித்துக் காட்டினார். சாட்சியம் குறிப்பிட்ட ஒருவரின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றும்; அதனால் பகையும் பாசமும் அங்கே தடை. அறிவிப்பு பொதுவானது, எல்லாருக்கும் உரியது. அங்கே அந்தத் தடைகள் தளர்கின்றன. படத்தைப் பற்றிய கருத்து இரண்டாவது வகை. அதனால் எவருடைய காணியும் கைமாறப் போவதில்லை.

படத்தைப் பற்றிய கருத்து அவ்வளவு தீங்கற்றதா என்று கேட்கலாம். விதானகேயின் படங்களே பதில் சொல்கின்றன. மகனுடைய சவப்பெட்டியைத் தோண்டிப் பார்க்கும் கண் தெரியாத தந்தையின் கதையான ‘புரஹந்த களுவர’வை 2000இல் அரசு தடை செய்தது, மறுஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது. தமிழ்ப் பெண்ணொருத்தி முன்னாள் சிங்களப் படைவீரனை மணக்கும் ‘ஒப நத்துவா ஒப எக்க’வைச் சென்னைத் திரையரங்குகள் 2014இல் எதிர்ப்புக்கு அஞ்சி நிறுத்தின. முதலாவதில் பேசியது அரசின் நலன். இரண்டாவதில் பேசியது மெய்யான துயரம். சென்னையில் குரல் எழுப்பியவர்களுக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் எடுத்தவர் சிங்களவர் என்பதிலிருந்தே தீர்ப்புக்குத் தாவுவது அறிவிப்பாகாது, அது வழக்குத் தொடுப்பது. அப்போது பகை பற்றிய அந்தப் பழைய தடை மீண்டும் உயிர்பெற்றுவிடுகிறது. நாயைப் பற்றிக் கேட்டவர் படத்தைப் பார்த்து, அதன் ஒரு துணுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். வேறுபாடு அவ்வளவுதான், அது போதும்.

இந்த அளவுகோலை ‘இர மதியம’ மீது எழக்கூடிய இரண்டு குறைகளிலேயே வைத்துப் பார்க்கலாம். ஒரு மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் பெயர்த்தெடுத்த நிகழ்வு மூன்றில் ஒரு கதையாகச் சுருங்கிவிட்டது என்று புத்தளத்தில் ஒருவர் சொல்லலாம். எனக்கும் இது பாதி சரியென்றே படுகிறது. மற்ற இரண்டும் ஒருவர் இன்னொருவருக்காகப் படும் துயரம். அவற்றோடு சரிசமமாக நிறுத்தவே மூன்றாவது ஒரு பிள்ளையும் ஒரு நாயுமாக ஆக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமன்பாட்டுக்குப் படம் கொடுத்த விலை அதிகம். தமிழர் ஒருவர், மூன்று கதைகளின் நடுவிலும் தமிழர் இல்லை, மூன்றாவதில் துரத்துபவராக வருகிறோம் என்பார். எண்ணிப் பார்த்தால் அதுவும் சரி. ஆனால் அதனால் மூன்றாவது கதையே அவதூறு என்று அவர் தொடர்ந்தால் விமர்சனம் அங்கே முடிந்துவிடும். 1990இல் நடந்தது நடந்தது. தன் இனத்துக்குப் பாதகமாக அதைச் சொல்லக் கூடியவர்தான் படத்தின் குறையையும் சொல்லத் தகுதியுள்ளவர்.

மூன்றாவது பார்வையாளரும் இந்தக் கரையில் உண்டு: வந்தவர்களுக்கு முதல்நாள் சோறு போட்டு, பின்னர் கிணற்றுத் தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் அதே மக்களோடு போட்டியிட நேர்ந்த புத்தளத்தின் பூர்வீக முஸ்லிம். கொடுத்தவர் மனம் எப்போது, ஏன் கசக்கிறது என்பது அவருடைய கேள்வி. ‘இர மதியம’ அதைத் தொடவில்லை, தொட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. அது இன்னொரு படத்துக்கான கதை.