மதுரகவிகள் கண்ட ஒளி

ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

கார்த்திகைக் கடைசியில் ஓர் இரவு அடியேன் மணிமுத்தாறு அணைக்கு அருகே தங்க நேர்ந்தது. நள்ளிரவு கழிந்து வெளியே நின்றபோது, தலைக்கு மேலிருந்து ஒரு தீப்பந்து கிழக்கு நோக்கிப் பாய்ந்தது. அணைநீர் முழுதும் வெளுத்தது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி இருட்டு. உடன் யாத்திரை வந்திருந்த ஒரு மூதாட்டி பதறி, "பச்சை மரத்தைப் பாருங்கோ ஸ்வாமி" என்றார். எரிநட்சத்திரம் கண்ணில் பட்டால் அப்படிச் செய்வது நம் பெரியவர்கள் வழக்கம்.

டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஆண்டுதோறும் மிதுன ராசிப் பக்கமிருந்து இவை பொழிவதுண்டு. ஃபேத்தான் என்னும் சிறுகோள் உதிர்த்த துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் காற்றில் புகுந்து எரிகின்றன. அவற்றுள் சற்றுப் பெரியது தீப்பந்தாகத் தோன்றும். இதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை.

ஆனால் அது பாய்ந்த திசை அடியேனை உறங்க விடவில்லை. மணிமுத்தாறு தாமிரபரணியில் கலந்து, கிழக்கே திருக்குருகூரைத் தொட்டல்லவோ கடலுக்குச் செல்கிறது!

மதுரகவியாழ்வாரும் இரவில் ஓர் ஒளியைக் கண்டார். திருவயோத்தியில் இருந்தபடி தென்திசை நோக்கித் தொழுகையில் கண்டது அது. ஊரோ காடோ பற்றி எரிகிறது என்றே முதலில் நினைத்தாராம். அதுவும் எரிகல்தானோ என்று இக்காலத்தில் சிலர் கேட்கக்கூடும். எரிகல் மறுநாள் இரவும் அதே இடத்தில் வந்து நிற்குமோ? ஒருவர் நடந்து வந்து சேரும்வரை காத்திருக்குமோ? அவ்வொளி காத்திருந்தது. பகலில் உறங்கி இரவில் நடந்து, திருவரங்கமும் கடந்து வந்தார். குருகூர் வந்ததும் ஒளி மறைந்தது. அங்கே புளியமரத்தடியில், 16 ஆண்டுகள் வாய் திறவாதிருந்த நம்மாழ்வாரைக் கண்டார்.

இங்கே ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. மதுரகவிகள் அவதரித்த திருக்கோளூர், குருகூருக்கு மிக அருகில் உள்ளது. ப்ராயத்தில் மூத்தவர், கற்றவர், திவ்யதேசங்களைச் சேவித்தவர். அவருக்கு வேண்டியதோ சொந்த ஊரின் பக்கத்திலேயே, ஒரு மரத்தடியில், இளையவராக அமர்ந்திருந்தது. அதைக் காட்ட அயோத்தி வரை ஓர் ஒளி செல்ல வேண்டியிருந்தது. அவரும் 'எம்பெருமான் ஸந்நிதியை விட்டு ஏன் போகவேண்டும்' என்று எண்ணவில்லை, புறப்பட்டார். கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களும் அந்தப் புறப்பாட்டின் பலனன்றோ! கடல் கடந்து வாழும் அடியார்கள் இதை நம்மைவிட நன்கு அறிவர்.

அன்றிரவு அணைக்கரை இருட்டில் மூதாட்டி தேடிய பச்சை மரம் கண்ணுக்குத் தென்படவில்லை. விடிந்ததும் முதல் பேருந்தில் ஏறி ஆழ்வார்திருநகரி சென்றோம். இரவிலும் இலை மூடாத உறங்காப்புளியாய் நிற்கும் திருப்புளியாழ்வாரை அந்த அம்மாள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.