சோற்றுக்கு முன் தீ

நமக்குக் கோரைப்பாய், மேல்நாட்டார் வீட்டில் தரைக்கு லினோலியம். அந்த விரிப்புத் துண்டைச் சிற்றுளியால் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் படம் தயார். அச்சகம் வேண்டாம். எழுத்தை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். வங்க ஓவியர் சித்தப்பிரசாத்துக்கு வாய்த்தது இந்த ஏழை அச்சுதான். கம்யூனிஸ்ட் கட்சி ஏடுகளில் கேலிச்சித்திரமும் போட்டார். 1943இல் மிட்னாப்பூர்ப் பஞ்சத்தை நடந்தே பார்த்து, மைக்கோடுகளில் வரைந்து, ‘ஹங்ரி பெங்கால்’ என்று நூலாக்கினார். சோறு அனுப்பத் தாமதித்த வெள்ளை அரசு, பிரதிகளைப் பறித்துக் கொளுத்தத் தாமதிக்கவில்லை. குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் காத்த ஒரு பிரதியைக் கொண்டு 2011இல் தில்லியில் மறுபதிப்பு வந்தது.