வளைந்த ஸ்பிரிங்கும் நீதியும்

பழைய லேண்ட் ரோவர் பிக்கப் வண்டியை நேர்முன்னே நின்று பார்த்தால், அநேகமாக அது சாரதியின் பக்கம் சற்றே சாய்ந்து நிற்பதைக் காணலாம். எஞ்சினைத் திருத்தியிருப்பார்கள், புதிதாக வர்ணம் பூசியிருப்பார்கள், சாய்வு மட்டும் வயதோடு கூடிக்கொண்டே போகும். அதற்குக் காரணம் முன்பக்கத்து ஸ்பிரிங். அதைத் திருத்துவதா மாற்றுவதா, ஒன்றை மாற்றுவதா இரண்டையும் மாற்றுவதா என்பது கராஜில் தினமும் எழும் சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குள்ளே மனிதர் நெடுங்காலமாக வாதாடி வரும் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது. இருவரைச் சமமாக நடத்துவது என்றால் இருவருக்கும் ஒன்றையே கொடுப்பதா? அல்லது இருவரையும் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்வதா?

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், இங்கிலாந்தின் ரோவர் கம்பனிப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸின் எண்ணத்தில் உருவானது அது. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமானது. உருக்குத் தகட்டுக்குக் கட்டுப்பாடு இருந்த காலமாகையால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தோட்டங்களுக்கும் திணைக்களங்களுக்கும் என்று நமது நாட்டுக்கும் அது வந்தது. தேயிலை மலைகளின் கல் வீதிகளில் ஏறி இறங்கிய தலைமுறைகள் அதை அறியும். 1985இல் உற்பத்தி நின்றுபோன சீரிஸ் 3 வரைக்கும் அதன் நான்கு சக்கரங்களுக்கும் மேலே இருந்தவை தகட்டு ஸ்பிரிங்குகளே.

தகட்டு ஸ்பிரிங் என்பது நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்து செல்லும் உருக்குத் தகடுகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டினால் இறுக்கிய வில். அச்சின் மீது அதை யூ போல்ட்டுகள் பிடித்திருக்கும். ஒரு நுனி செசியில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்க, மறு நுனி ஷெக்கல் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமல்லவா, அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது இந்த ஆட்டமே.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான விடயத்துக்கு வருகிறேன். 88 அங்குலச் சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளின் முன்பக்கத்து இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒன்றல்ல. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஆனால் உதிரிப்பாகப் பட்டியலில் சாரதியின் பக்கத்துக்கு ஓர் இலக்கம், மற்றப் பக்கத்துக்கு வேறோர் இலக்கம். சாரதியின் பக்கத்து ஸ்பிரிங்குக்கு வளைவு சற்று அதிகம். அது ஏனென்றால் அந்த ஆசனம் ஒருபோதும் வெறுமையாக ஓடுவதில்லை. பக்கத்து ஆசனத்தில் ஆள் வரலாம், வராமலும் போகலாம். சாரதி இல்லாமல் வண்டி நகராது. வலப்பக்கச் சாரதி வண்டியில் எரிபொருள் தாங்கியும் அதே ஆசனத்தின் கீழேதான். ஆகவே இரண்டு பக்கத்தையும் சமமாக நிறுத்துவதற்கு, வண்டியை வரைந்தவர்கள் இரண்டு பக்கத்துக்கும் சமமற்றதைக் கொடுத்தார்கள்.

இதை அறியாதவர் ஒரே இலக்க ஸ்பிரிங் இரண்டை வாங்கிப் பூட்டுகிறார். பாரபட்சம் எதுவும் காட்டாத, நேர்மையான வேலைதான். ஆனாலும் வண்டி சாய்ந்தே நிற்கிறது. இன்னொருவர் சரியான இரண்டையும் வாங்கி இடம் மாற்றிப் பூட்டிவிடுகிறார். சாய்வு முன்பிருந்ததிலும் கூடிவிடுகிறது. உதவியே செய்யாததை விட, உதவியைத் தவறான பக்கம் செய்தது அதிக கேடாகிறது.

நீதி பற்றி எழுதியவர்களில் அரிஸ்டோட்டில் இதன் அருகே வந்தவர். சமமற்றவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டாலும் பிணக்கு வரும் என்பது அவரது கருத்து. ஆயினும் அவர் பங்கின் அளவுகோலாகக் கொண்டது தகுதியை. கராஜின் அளவுகோல் வேறு. சாரதியின் பக்கத்து ஸ்பிரிங் மேலானது என்பதற்காக அதற்கு அதிக வளைவு கொடுக்கவில்லை. அதன்மேல் பாரம் அதிகம் என்பதற்காகக் கொடுத்தார்கள். தகுதிக்குக் கொடுப்பது பரிசு. பாரத்துக்குக் கொடுப்பதைத்தான் நான் நீதி என்பேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், ஏழைப் பிள்ளைக்கு ஒரு சலுகை கிடைத்தவுடன் “அவன் என்ன அவ்வளவு கெட்டிக்காரனா?” என்று கேட்கிறோம்.

1678இல் ரொபர்ட் ஹூக் வெளியிட்ட விதியை வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். மீள்தன்மை எல்லைக்குள் ஒரு வில்லின் நீட்சி அதன்மேல் உள்ள சுமைக்கு விகிதசமமானது. விற்றராசு வேலை செய்வது இதனால்தான். அப்படியானால் ஒரு வில் அதிகம் தாழ்ந்திருக்கிறது என்பதன் முதற்பொருள், அது அதிகம் சுமக்கிறது என்பதே. நாமோ தாழ்ந்ததைக் கண்டவுடன் “பலவீனமான உருக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வயல் அறுப்புக் காலத்தில் வராத மாணவனையும், விடிய எழுந்து தாயோடு அப்பம் சுட்டுவிட்டு வந்து இரண்டாம் பாடத்தில் தூங்கும் மாணவியையும் நமது புள்ளிப் பதிவேடு எப்படி வாசிக்கிறது? தராசின் முள் தாழ்ந்ததற்குத் தராசையே கடிந்துகொள்ளும் வாசிப்பு அது.

உருக்கே பழுதான ஸ்பிரிங்கும் உண்டு என்பதை மறுக்க முடியாது. எல்லையைத் தாண்டிப் பாரமேற்றினால் அது பழைய வளைவுக்குத் திரும்பாது. எல்லைக்குள்ளேயே இலட்சம் தடவை ஏறி இறங்கினாலும் களைத்து வெடிப்பு விடும். தகடுகளுக்கிடையே துருப்பிடித்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டையாகிவிடும். ஆகவே நல்ல பாஸ் வண்டியைச் சமதரையில் நிறுத்தி இரு பக்கத்து உயரத்தையும் அளக்கிறார். பாரத்தை இறக்கிவிட்டு மீண்டும் அளக்கிறார். தகடு தகடாக வெடிப்புத் தேடுகிறார். தீர்ப்பு அதன் பிறகுதான்.

திருத்தும் வழிகளும் பல. மலிவான வழி, தகடுகளைக் கழற்றி நெருப்பில் காட்டி வளைவு ஏற்றிவிடுவது. கராஜை விட்டு வெளியேறும்போது வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் சூடாக்கிய உருக்கை எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தாவிட்டால், சில மாதங்களில் பழையபடி படுத்துவிடும். இன்னொரு வழி, தாழ்ந்த பக்கத்துக்கு மேலதிகமாக ஒரு தகட்டைச் சொருகுவது. உயரம் வரும். ஆனால் அந்தப் பக்கம் விறைத்துப்போகும். கிடங்கில் விழும்போது வில் வாங்க வேண்டிய அடியைச் சாரதியின் முதுகெலும்பு வாங்கும். பரீட்சைக்கு முதல் மாதம் நடக்கும் விசேட வகுப்புகளில் முதலாவதும் உண்டு, இரண்டாவதும் உண்டு.

மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்று என்பது தொழிலறிந்தவர் சொல். முறிந்தது ஒன்றுதானே, மற்றதற்கு ஏன் செலவு என்று உரிமையாளர் கேட்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் முறியாத ஸ்பிரிங்கும் அத்தனை வருடம் அதே பாதையில் ஓடியதுதான். அது முறியவில்லை, அவ்வளவே. புதியதன் பக்கத்தில் நிற்கும்போதுதான் அதன் களைப்புத் தெரியவரும். வீடுகளிலும் இப்படித்தான். வழிதவறிய மகனைப் பற்றி ஊரே பேசும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, படிப்பை இடையில் விட்டு, ஒரு முறைப்பாடும் சொல்லாத மூத்த மகளைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. முறியாமல் இருப்பதையே அவளுக்குச் சுமை இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். சமமற்ற பங்கீட்டுக்கு வழிவிட்டால், பலமுள்ளவன் தன் பாரமே பெரியதென்று சொல்லி வாங்கிக்கொள்ள மாட்டானா? ஆட்சேபம் கற்பனையல்ல. 1971இல் நமது பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, மொழிமூலத்தை வைத்து வெவ்வேறு புள்ளி எல்லைகள் வகுக்கப்பட்டன. தமிழ்மூல மாணவன் கூடிய புள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. அளக்கப்பட்டது மாணவனின் சுமையல்ல, அவன் மொழி. அதன் காயம் இந்நாட்டின் வரலாற்றில் எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா சுமைக்குச் சற்றுக் கிட்ட வந்தது. கிராமப்புறப் பிள்ளைகள் பலர் அதனால் பல்கலைக்கழகம் கண்டனர். ஆயினும் மாவட்டம் முழுவதும் ஒரே ஆசனம் அல்ல. பின்தங்கிய மாவட்டத்திலும் நகரத்துப் பாடசாலை உண்டு, விஞ்ஞான ஆசிரியரையே காணாத பாடசாலையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி என்றால், வளைவு கூடிய ஸ்பிரிங் மறுபடியும் பாரமில்லாத பக்கமே போய்ச் சேருகிறது.

இந்த அநீதிகளுக்கு மருந்து எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங் அல்ல. அளப்பதை ஒழுங்காக அளப்பதுதான். சாரதியின் பாரம் நிலையானது என்பதற்காகவே அது வண்டியின் அமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆசனத்தில் ஒருநாள் ஏறி இறங்கும் பயணிக்காக எவரும் ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை. நிலைத்த சுமைக்கு நிலைத்த உதவி, வந்துபோகும் சுமைக்குப் பொறுமை என்ற இந்தப் பாகுபாட்டை நமது நலத்திட்டங்களும் பாடசாலைகளும் கற்றுக்கொண்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு தொழில் நுணுக்கம். ஸ்பிரிங்கின் நுனிகளில் உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ்கள் உண்டு. வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது அவற்றின் போல்ட்டுகளை முற்றாக இறுக்கக் கூடாது. இறுக்கினால், வண்டி கீழே இறங்கிப் பாரம் ஏறியவுடன் ரப்பர் முறுகி, காலப்போக்கில் கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையைத் தொட்டு, வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்குக் கொடுக்க வேண்டும்.

பாடசாலை ஒழுங்குவிதிகளையும் சுற்றறிக்கைகளையும் வாசிக்கும்போது, பலவும் வண்டியை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்கியவை என்றே தோன்றுகிறது. விதியை இறுக்குமுன் அதைச் சுமக்கப் போகிறவனைத் தரையில் நிறுத்தி, அவன் எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்கிறான் என்று பார்க்க வேண்டும். அதைப் பாராமல் கொடுக்கும் சமத்துவம் முதற் கிடங்கு வரைக்கும்தான் தாங்கும்.